மூன்று சக்கரத்தில் முதல் நடை

காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்ட, காதில் கிடந்த கனத்த பொற்குழையையே கழற்றி எறிகிறாள் ஒரு பெண். அந்த வழியாகச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். குறுக்கே கிடக்கும் குழை தேரைத் தடுக்கிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காட்சி இது. கரிகாலனின் துறைமுக நகரத்துச் செழிப்பைச் சொல்ல வந்த பாட்டில், குழந்தைகளின் மர வண்டிக்கும் இடம் கிடைத்துவிட்டது.

குறுந்தொகையிலும் ஒரு வண்டி உண்டு. தச்சன் செய்து கொடுத்த அதில் ஏறிப் போக முடியாது. கையால் இழுத்தே சிறுவர்கள் மகிழ்கிறார்கள். இந்தச் சிறுதேர்களின் வழியில் வந்ததாகவே நடைவண்டியைக் கருதுவது வழக்கம்.

பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தன. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடிய பிள்ளைத்தமிழ் இவ்வகையில் பழமையானது. ஆறாவது பருவம் வருகை: தளர்நடை போடும் பிள்ளையை ‘வா வா’ என்று அழைப்பது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர். வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டியது. உலக சுகாதார நிறுவனம் டெல்லி உள்ளிட்ட இடங்களில் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்விலும், பிடியின்றி நடக்கும் சராசரி வயது 12 மாதம்தான். 8 மாதத்தில் நடக்கும் பிள்ளையும் உண்டு, 17 மாதம் எடுத்துக்கொள்ளும் பிள்ளையும் உண்டு, இரண்டும் இயல்பே.

நடைவண்டியின் அமைப்பு எளிது. கீழே முக்கோணச் சட்டம், மூன்று மரச் சக்கரங்கள், நிமிர்ந்த பிடி. குழந்தை பின்னால் நின்று பிடியைப் பற்றித் தள்ளும். உடலின் எடை முழுவதும் அதன் கால்களில்தான் இருக்கும். வண்டி முன்னே நகர நகர, பாதத்தைத் தூக்கி வைக்கவும் நிலை தடுமாறாமல் நிற்கவும் அது தானே கற்றுக்கொள்கிறது.

ஐரோப்பாவில் வேறொரு வடிவம் வளர்ந்தது. நெதர்லாந்தில் 1440 வாக்கில் வரையப்பட்ட கிளீவ்ஸ் கேத்தரினின் பிரார்த்தனை நூலில், சக்கரம் வைத்த மரச் சட்டத்துக்குள் நின்று நடக்கும் குழந்தை ஏசுவின் ஓவியம் இருக்கிறது. குழந்தையைச் சூழ்ந்து நிற்கும் இந்தச் சட்டத்தை 1762இல் ‘எமில்’ நூலில் ரூசோ எதிர்த்தார். தோளில் வார் கட்டி நடத்துவதையும் ஏற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் அந்தச் சட்டம் நடுவில் இருக்கை வைத்த பிளாஸ்டிக் வாக்கராக மாறியது.

இந்த இருக்கையில்தான் சிக்கல். குழந்தை உட்கார்ந்தபடி கால்விரலால் தரையை உந்துகிறது. தட்டு மறைப்பதால் தன் பாதத்தைப் பார்க்க முடிவதில்லை. ஒரு நொடியில் 3 அடிக்கு மேல் பாய்ந்துவிடும். ஓடிப் பிடிக்கப் பெற்றோருக்கு நேரம் இருக்காது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கு உட்பட்ட 2,30,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் விபத்தால் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் படியில் உருண்டவர்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம். கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. சீக்கிரம் நடக்கட்டும் என்று வாங்கித் தருகிறார்கள். ஆனால் வாக்கரில் கழித்த நேரம் கூடக் கூட, தனியே நடப்பது தள்ளிப்போனதாக 2002இல் வெளியான அயர்லாந்து ஆய்வு கண்டது.

நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் நடைவண்டி இன்றும் கிடைக்கிறது. வழவழப்பான தரையில் அதுவும் முந்திக்கொண்டு ஓடும். எனவே குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகே கொடுக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். முதல் பிறந்தநாளுக்குப் பரிசு தேடுகிறவர்கள் இருக்கை வைத்த வாக்கரை விட்டுவிட்டு, சக்கரம் இறுகிய, முனை மழுங்கச் சீவிய மர நடைவண்டியாகப் பார்த்து வாங்கலாம்.