மனிதனுக்கேற்ற வண்டி

உடற்குறையுடைய ஒருவர் மோட்டார் வண்டி ஓட்டலாமா என்ற வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை கூறி வருகிறது. வினா ஒன்றே, விடையோ காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாற்றையும், ஹைதராபாத் நகரில் நிகழ்ந்த ஒரு செய்தி அதன் குறையை எவ்வாறு காட்டுகிறது என்பதையும் சுருங்கக் காண்போம்.

தன் உடலுக்கேற்ப மனிதன் வண்டியை அமைத்துக்கொள்வது புதிய செய்தியன்று. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகருக்கு அருகே வாழ்ந்த ஸ்டெபான் பார்ஃப்ளர் என்னும் கடிகாரத் தொழிலாளர், கால்கள் செயலற்றவர். 1655-ஆம் ஆண்டில், கையால் சுழற்றிச் செலுத்தும் மூன்று சக்கர வண்டியொன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். 1921-இல் நோயுற்றுக் கால்களின் வலுவை இழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த நாளில், கைகளாலேயே இயக்கத்தக்க ஃபோர்டு காரைத் தாமே ஓட்டிச் சென்றார்.

நம் சட்டம் மனிதனின் குறையிலிருந்தே தொடங்கிற்று. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம், உரிமம் பெறத் தடையாகும் நோய்களையும் குறைகளையும் ஓர் அட்டவணையில் அடுக்கியது. வலிப்பு, மனநோய், திடீரென மயக்கம் தரக்கூடிய இதய நோய், செவிட்டுத்தன்மை ஆகியன அதில் இடம்பெற்றன. உடற்குறையுடையோர்க்கென ஒரு தனிவகை வண்டியையும் அச்சட்டம் வகுத்தது. பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவிய வகை அது. அவ்வண்டியின் எடை ஐந்து ஹண்டர்வெயிட், அதாவது ஏறத்தாழ 254 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. தொடக்கத்திலேயே அவருக்கென வடிவமைத்துக் கட்டியதாகவும் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வண்டியை மாற்றியமைத்தால் போதாது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் எடை வரம்பை நீக்கிற்று. இந்த நிபந்தனையையோ அப்படியே வைத்துக்கொண்டது.

ஆனால், மக்களுக்குக் கைகொடுத்தது மாற்றியமைத்த வண்டியே. 1980-களின் நடுவில் கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தது. அதில் கியர் மாற்ற வேண்டியதில்லை. உதைத்துக் கிளப்ப வேண்டியதுமில்லை. இத்தகைய ஸ்கூட்டரின் இருபுறமும் சிறு சக்கரங்களைப் பட்டறையில் பொருத்திக்கொண்டால், போலியோவால் கால் நலிந்தவரும் அலுவலகம் சென்று வரலாம். 2014-இல் மாருதி செலிரியோ, தானாகக் கியர் மாறும் அமைப்புடன் சிறிய காராக வெளிவந்தது. கிளட்ச் மிதிக்கும் தேவை நீங்கவே, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரு கைப்பிடியில் இணைத்துவிட்டால் கைகளே போதும் என்றாயிற்று.

சட்டமும் பின்னர் வழிக்கு வந்தது. செவித்திறன் அற்றவர் தேர்வில் தேறினால் அவருக்கு உரிமம் மறுக்கலாகாது என்னும் நிலையை டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் எடுத்தது. 2016-இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அவ்வாறே அறிவுறுத்திற்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய நிபந்தனையைக் கைவிட்டு, முறைப்படி மாற்றியமைத்த வண்டியையும் ஏற்றது. 2020-இல், மிதமான நிறக்குருடு உடையோர்க்கும் வழி திறந்தது. பிறர் உயிருக்கு ஊறு நேராமற் காப்பது சட்டத்தின் கடமை. அதனை எவரும் மறுக்கார். ஆயினும் அக்கடமை, ஒருவரின் திறனைச் சோதித்துப் பார்ப்பதால் நிறைவேறுமேயன்றி, அவர் உருவத்தைப் பார்த்து மறுப்பதால் நிறைவேறாது.

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். அந்நகரின் குக்கட்பள்ளிப் பகுதியில் வாழும், ஏறத்தாழ மூன்றடி உயரமே உள்ள ஒருவர் ஓட்டுநர் உரிமம் பெற்றார் என 2021-ஆம் ஆண்டின் இறுதியில் செய்தித்தாள்கள் எழுதின. இத்தகைய உருவினருள் நாட்டிலேயே முதல்வர் அவர் என்றும் கூறின. இருக்கையையும் மிதிகளையும் உயர்த்தினால் தம்மாலும் இயலும் என்பதை அயல்நாட்டுக் காணொளி ஒன்றால் அறிந்தார். உள்ளூரிலேயே காரை மாற்றியமைத்தார். நண்பரிடம் ஓட்டப் பழகினார். உயரம் பற்றி எழுந்த தடைக்கு எதிராக அதிகாரிகளிடம் முறையிட்டு, தேர்வு தந்து வென்றார். உடற்குறையுடையோர்க்குப் பயிற்சிப் பள்ளி தொடங்குவதே தம் அடுத்த நோக்கம் என்றார்.

அவர் நண்பரிடம் பழக நேர்ந்தது ஏன்? பயிற்சிப் பள்ளியின் கார்களில் ஆசிரியரும் இயக்கத்தக்க இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டுமென 1989-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கற்பவரின் கைக்கோ குறுகிய காலுக்கோ ஏற்ற அமைப்பும் இருக்க வேண்டுமென அவை வற்புறுத்தவில்லை. ஆகவே மற்றவர் முதலில் கற்று, பின்னர் வண்டி வாங்குகின்றனர்; இவரோ முதலில் வண்டி வாங்கி, அதனை மாற்றியமைத்து, அதன் பின்னரே கற்க வேண்டும். வாங்கும் வசதியில்லாதவருக்குச் சட்டம் திறந்த கதவு திறந்தும் திறவாததே.

ஒவ்வொரு பெரு நகரிலும் கைக்கட்டுப்பாடும் உயர்த்திய மிதிகளும் உள்ள ஒரு காரும், அதில் கற்பிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும். உரிமம் வழங்கும் நாட்டுக்கு, அதைப் பெறும் வழியைக் கற்பிக்கும் பொறுப்பும் உண்டு என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.