மௌக்லிக்கு இடமில்லாத படை

1916ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சின்னப் பையன்களுக்கென்று தனியாக ஓர் அணி முறைப்படி தொடங்கியது. பெயர் ஓநாய்க் குட்டிகள். சாரணர் படையில் சேர வயது போதாமல் அண்ணன்களின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த பொடியன்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. பேடன் பவல், ருட்யார்ட் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்'கைக் கையில் எடுத்தார். தலைவர் ஓநாய் அகேலா, கரடி பாலூ, கருஞ்சிறுத்தை பகீரா எல்லோரும் அந்தக் கதையிலிருந்து அப்படியே வந்து இறங்கினார்கள். பையன்கள் வட்டமாகக் குந்தி, அகேலாவைப் பார்த்து ஊளையிட்டார்கள். கதை நடக்கும் காடு இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சியோனி. கதாநாயகன் மௌக்லி ஓர் இந்தியக் கிராமத்துப் பிள்ளை.

அந்த மௌக்லி நிஜமாகவே இருந்து, அதே ஆண்டில் சென்னையிலோ பம்பாயிலோ லண்டன் தலைமையகத்தின் அங்கீகாரம் பெற்ற சாரணர் படை ஒன்றில் சேரப் போயிருந்தால், வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பிள்ளையைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்கலாமா என்று இன்று கேட்கும் பெற்றோர், படிப்பு கெடுமா, முகாமில் வெயிலில் வாடுவானா, வேலைக்குப் போகும்போது சான்றிதழ் உதவுமா என்றெல்லாம் கணக்குப் போடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியப் பெற்றோரின் கேள்வி வேறு. முதலில், சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொண்டால், யாருக்கு சல்யூட் அடிக்கச் சொல்லித் தருவார்கள்?

இத்தனைக்கும் இந்த இயக்கத்தின் ஒரு வேர் இந்திய மண்ணில்தான் இருக்கிறது. ராபர்ட் பேடன் பவல் 1876இல் பத்தொன்பது வயதில் லக்னோவுக்கு வந்து 13ஆவது ஹுஸார்ஸ் குதிரைப்படையில் சேர்ந்தவர். குதிரையேறி ஈட்டியால் காட்டுப்பன்றி குத்தும் வேட்டையில் மன்னர். அதைப் பற்றி 1889இல் ஒரு புத்தகமே எழுதினார். 1897இல் மீரட்டுக்கு 5ஆவது டிராகூன் கார்ட்ஸ் படையின் தளபதியாக வந்தபோது, சிப்பாய்களுக்குத் தடம் பார்க்கவும், கண்ணில் படாமல் ஊர்ந்து போகவும், சின்ன அடையாளங்களை வைத்துப் பெரிய விஷயத்தை ஊகிக்கவும் பயிற்சி கொடுத்தார். அந்தப் பாடங்கள் 1899இல் 'எய்ட்ஸ் டு ஸ்கவுட்டிங்' என்ற ராணுவக் கைநூலாயின.

அது வெளியான ஆண்டே போயர் போர் மூண்டது. தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற சிற்றூர் 217 நாள் முற்றுகையில் கிடந்தது. உள்ளே தளபதி பேடன் பவல். ஆள் பற்றாக்குறையில் ஊர்ச் சிறுவர்களைக் கொண்டு ஒரு குட்டிப் படை அமைத்தார்கள். பையன்கள் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனார்கள், எடுபிடி வேலை பார்த்தார்கள். முற்றுகை உடைந்து, பேடன் பவல் இங்கிலாந்து திரும்பிப் பார்த்தால், சிப்பாய்களுக்கு எழுதிய கைநூலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களோடு ஒரு சோதனை முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தது அந்தக் காலத்து இங்கிலாந்தில் சின்ன விஷயமல்ல. அடுத்த ஆண்டு 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' வெளிவந்தது. பிறகு எதையும் யாரும் தொடங்கிவைக்க வேண்டியிருக்கவில்லை. பையன்கள் தாங்களாகவே கூட்டம் சேர்த்துக்கொண்டு, தங்களை வழிநடத்த ஒரு பெரியவரைத் தேடி அலைந்தார்கள்.

இந்தியாவுக்கு அது வந்துசேர அதிக காலம் ஆகவில்லை. 1909இல் பெங்களூரில் கேப்டன் டி. எச். பேக்கர் முதல் படையை நிறுவினார். தொடர்ந்து கிர்க்கி, ஜபல்பூர், சென்னை, பம்பாய் என்று படைகள் முளைத்தன. எல்லாம் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்.

ஏன் என்பதற்கு நிறவெறி என்ற ஒற்றைப் பதில் போதாது. அரசாங்கத்துக்குப் பயமும் இருந்தது. 1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு வங்காளத்தில் அனுசீலன் சமிதி போன்ற ரகசிய அமைப்புகள் வளர்ந்திருந்தன. வெளியே பார்த்தால் உடற்பயிற்சிக் கூடம், சிலம்பப் பயிற்சி; உள்ளே வெடிகுண்டும் கைத்துப்பாக்கியும். கட்டுப்பாடான இளைஞர் கூட்டம் என்றாலே போலீஸ் அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கிய காலம். சாரணர் பாடத்திட்டத்தில் இருந்ததோ, வரைபடம் போடுவது, கொடியசைத்துச் செய்தி அனுப்புவது, பாலம் கட்டுவது, இருட்டில் வழி கண்டுபிடிப்பது, காட்டில் தடயமில்லாமல் தங்குவது. இதையெல்லாம் சர்க்கார் செலவில் இந்தியப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? ஓர் ஆங்கிலச் சிறுவனை நல்ல குடிமகனாக்கும் அதே பயிற்சி இந்தியச் சிறுவனைக் கலகக்காரனாக்கிவிடும் என்று நம்பியவர்கள், ஒருவகையில் இந்தியச் சிறுவனைச் சரியாகவே எடைபோட்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கதவு திறக்காது என்று தெரிந்ததும் அடையாறு சும்மா இருக்கவில்லை. பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலைத் துணையாக வைத்துக்கொண்டு 1916இல் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கான சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பாடம் பேடன் பவலுடையதுதான். ஆனால் விளிம்பு வைத்த தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை. பாட்டு இந்தியப் பாட்டு. பெசன்ட் அதே ஆண்டில்தான் தன்னாட்சி கேட்கும் ஹோம் ரூல் லீக்கையும் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் சென்னை அரசாங்கம் அவரையும் அருண்டேலையும் பி. பி. வாடியாவையும் ஊட்டியில் காவலில் வைத்தது. நாடெங்கும் கிளம்பிய எதிர்ப்பால் செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸின் தலைமை நாற்காலி. அந்தப் பெண்மணி நடத்திய படையில் மகனைச் சேர்க்க ஒரு மயிலாப்பூர் குமாஸ்தா எத்தனை முறை யோசித்திருப்பார் என்று ஊகித்துப் பார்க்கலாம். சர்க்கார் உத்தியோகம் ஒரு பக்கம், பையனின் தலைப்பாகை மறுபக்கம்.

வடக்கே வேறொரு ஓட்டம். ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்துவந்தார். மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் அவரை அழைத்து, 1918இல் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். கும்பமேளாக் கூட்டத்தில் வழிதவறிய குழந்தைகளையும் முதியவர்களையும் உறவினரிடம் சேர்ப்பது, தண்ணீர் கொடுப்பது, முதலுதவி செய்வது என்று அவர்களின் வேலை அமைந்தது. இங்கிலாந்துச் சாரணன் காட்டில் கற்றதை இவர்கள் திருவிழா நெரிசலில் கற்றார்கள். இன்றும் நம் ஊர்த் தேரோட்டத்தில் கயிறு பிடித்து நிற்கும் சாரணப் பிள்ளைகள், பிரவுன்சீயைவிட அலகாபாத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

1921 தொடக்கத்தில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டின் அழைப்பில் பேடன் பவலும் மனைவி ஓலவும் இந்தியா வந்தார்கள். காலத்தைக் கவனிக்க வேண்டும். காந்தி ஒத்துழையாமையை அறிவித்து, சர்க்கார் பள்ளிகளை விட்டு வெளியே வாருங்கள் என்று மாணவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நேற்றுவரை இந்தியப் பிள்ளையைக் கண்டு பயந்த நிர்வாகத்துக்கு, அந்தப் பிள்ளையைத் தன் கண்பார்வையில் ஒரு சீருடைக்குள் வைத்திருப்பதே மேல் என்று தோன்றியதில் வியப்பில்லை. சென்னையில் பெசன்ட்டின் சங்கம் பேடன் பவலின் சங்கத்தோடு இணைந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. பெசன்ட்டுக்கு அகில இந்திய கௌரவ ஆணையர் பட்டம் கிடைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவருக்கு. சேவா சமிதி மட்டும் தன் வழியிலேயே நின்றது.

பெண் பிள்ளைகளின் கதை இதைவிடச் சுவையானது. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த முதல் பெரிய அணிவகுப்பில், அழைக்காமலேயே சில சிறுமிகள் தொப்பியும் கோலுமாக வந்து நின்று, நாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். பேடன் பவல் தன் தங்கை ஆக்னஸைக் கொண்டு அவர்களுக்குத் தனி அமைப்பை உண்டாக்கினார். அது 1911இல் ஜபல்பூருக்கு வந்தது. இந்தியாவுக்கு இதில் பின்னாளில் பெருமையான இடம் கிடைத்தது: சாரணியருக்கான உலக மையங்களில் நான்காவதான 'சங்கம்' 1966இல் புணேயில் திறக்கப்பட்டது.

1937 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்தியச் சாரணர் பெருந்திரளணி. பேடன் பவல் வந்தார். எண்பதாவது பிறந்தநாளும் அந்தப் பயணத்தில்தான் வந்தது. ஊர் திரும்பிய பிறகு இந்தியர்களின் குணத்தைப் பற்றி அவர் இழிவாகச் சொன்ன கருத்துகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. எல்லாச் சாரணரும் சகோதரர் என்று பிள்ளைகளுக்கு விதி எழுதிக்கொடுத்தவரின் வாயிலிருந்து அது வந்ததுதான் பலரைச் சுட்டது. அவருடைய சங்கத்திலிருந்து ஆட்கள் வெளியேறினார்கள். 1938இல் அவர்களும் சேவா சமிதியும் சேர்ந்து ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் ஆனார்கள். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள், மகனுக்கு எந்தக் கழுத்துக்குட்டை என்பது வீட்டு அரசியலைக் காட்டிக்கொடுக்கும் விஷயமாக இருந்தது.

சுதந்திரம் வந்த பிறகும் இரண்டு சங்கங்களும் ஒட்டவில்லை. நேரு, கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத், குன்ஸ்ரு, நீதிபதி விவியன் போஸ், மங்கள்தாஸ் பக்வாசா எல்லோரும் மல்லுக்கட்டிய பிறகே 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியரும் வந்து இணைந்தார்கள். உறுதிமொழியில் அரசர் இருந்த இடத்தில் நாடு வந்தது. கடவுளுக்கான கடமையைச் சொல்ல விரும்பாதவர்கள் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே தேசிய அமைப்பில் இருப்பது அன்று உலகின் பல நாடுகளில் இல்லாதது.

அதற்குப் பிறகு இயக்கம் பள்ளிக்கூடத்துக்குள் போய் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. சின்னவர்கள் குருளையர், நீலப்பறவையர். நடுவில் சாரணர், சாரணியர். மேலே திரிசாரணர், திரிசாரணியர். படிகள் ஏறி ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் ராஷ்டிரபதி விருது. பலருக்கு என்சிசி எனும் தேசிய மாணவர் படைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிவதில்லை. என்சிசி 1948இல் சட்டப்படி தொடங்கியது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தருவது. சாரணர் இயக்கம் ராணுவத்தில் பிறந்தாலும் ராணுவத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

யாருடைய இயக்கம் என்ற சண்டை மட்டும் முழுக்க ஓயவில்லை. இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய தமிழ்நாட்டில் கூட்டம் தொடங்கும்போது பிள்ளைகள் இந்தியில் பிரார்த்தனை பாடுவது பலரும் கவனிக்காமல் தொடரும் வினோதம். 2017 செப்டம்பரில் தமிழ்நாடு சாரணர் இயக்கத் தலைவர் பதவிக்கு பாஜக தேசியச் செயலர் எச். ராஜா போட்டியிட்டபோது, அதுவரை செய்தியே ஆகாத ஒரு தேர்தல் தொலைக்காட்சி விவாதமானது. அவருக்கு 52 வாக்குகள். எதிர்த்து நின்ற கல்வித் துறை முன்னாள் அதிகாரிக்கு 232. 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணிக்கு கலைஞர் நூற்றாண்டின் பெயரும் சேர்ந்தது. காட்டில் கூடாரம் அடிக்கக் கற்கும் பிள்ளைகளின் தலைக்கு மேல் பெரியவர்களின் கொடிகள் எப்போதும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெற்றோரின் இன்றைய கேள்விகளில் ஒன்றுக்கு நேரான பதில் உண்டு: ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது, ராஷ்டிரபதி விருது அதற்கு உதவும். அதற்காக மட்டும் பத்து வயதுப் பிள்ளையைச் சேர்ப்பது கொஞ்சம் நீண்ட முதலீடு. அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைத்தான் பலர் கேட்பதில்லை, முகாமில் என் பிள்ளையோடு இருப்பது யார் என்பதை. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020இல் திவால் மனு கொடுத்தது. பல பத்தாண்டுகளாக நடந்த பாலியல் கொடுமைகளுக்காக அதன்மேல் 82,000க்கும் அதிகமான புகார்கள் குவிந்தன; இழப்பீட்டு நிதி 246 கோடி டாலர். இங்கே 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நடந்த என்சிசி முகாமே போலி என்பது, ஒரு மாணவி கொடுமைக்கு உள்ளான பிறகுதான் வெளியே தெரிந்தது. சீருடையும் விசிலும் கடையில் கிடைக்கும் பொருள்கள்.

ஆகவே படை மாவட்டச் சங்கத்தில் பதிவாகியிருக்கிறதா, இரவு முகாமில் எத்தனை பெரியவர்கள் தங்குகிறார்கள், பெண் பிள்ளைகளோடு ஆசிரியை போகிறாரா என்பதையெல்லாம் விசாரித்தே ஆக வேண்டும். படையை நடத்தும் ஆசிரியர் அடிப்படைப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டாரா, ஹிமாலய உட் பேட்ஜ் என்ற மேல்நிலைப் பயிற்சி வரை போனாரா என்றும் கேட்கலாம். பல பள்ளிகளில் இது வகுப்பு, தேர்வுத்தாள், தேர்தல் பணி எல்லாவற்றுக்கும் மேல் ஏற்றிவைத்த கூடுதல் வேலை; விருப்பத்தோடு செய்கிறவரிடம் பிள்ளை முடிச்சுப் போடவும் சோறு பொங்கவும் காயத்துக்குக் கட்டுக் கட்டவும் கற்று வரும், வேண்டாவெறுப்பாகச் செய்கிறவரிடம் விருந்தினர் வரும்போது வரிசையில் நின்று கைதட்ட மட்டும் கற்கும். ஒரு சனிக்கிழமை மாலை மைதானத்து ஓரம் நின்று பார்த்தாலே இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.