சிபாரிசு இல்லாம சாமிகிட்ட போறது

போன மாசம் பெங்களூர்ல இருந்து ஊருக்குப் போயிட்டிருந்தேன். சேலத்துல நாமக்கல் பஸ் மாறி ஏறினா, பக்கத்து சீட்டுல ஒரு ஆயா. எழுபது வயசுக்கு மேல இருக்கும். மல்லூர் தாண்டினதும் கண்ணை மூடிக்கிட்டு ஏதோ பேச ஆரம்பிச்சாங்க. போன்ல பேசறாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். "அப்பா, நாளைக்குப் பேரனுக்கு ஆப்ரேசன். நீ பாத்துக்குவேன்னு மருமககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். என்னைக் கேவலப்படுத்திராத, ஆமா!" அப்புறம்தான் புரிஞ்சுது, அது ஜெபம்.

முடிச்சுட்டு என்னைப் பாத்து, "என்ன கண்ணு, பயந்துட்டயா?"ன்னு சிரிச்சாங்க.

"இல்லீங்க ஆயா. சாமிகிட்ட இப்படியெல்லாம் பேசலாமுங்களா?"

"பெத்தவன்கிட்டப் பேசறதுக்கு எதுக்குக் கண்ணு சிபாரிசு?"

நான் கிறிஸ்தவன் இல்லை. எங்க வீட்டுல குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கணும்னாலே பூசாரி வரணும், பங்காளிங்க கூடணும், முதல் மரியாதை யாருக்குன்னு ஒரு பஞ்சாயத்து முடியணும் :-) அதனால அந்த ஆயாவோட தைரியம் என்னைக் கொஞ்சம் அசைச்சுடுச்சு. இது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

'தைரியம்'கற வார்த்தையை நான் சும்மா போடலை. எபிரெயருக்கு எழுதின நிருபத்தோட தமிழ் மொழிபெயர்ப்புல இதே சொல்தான் இருக்கு. ஜெருசலேம் கோயில்ல ஒரு உள்ளறை இருந்துச்சு, முன்னாடி கனமான திரை. தலைமைக் குரு மட்டும், அதுவும் வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் அந்தத் திரைக்கு உள்ள போகலாம். ஏசு இறந்த நேரத்துல அந்தத் திரை மேலிருந்து கீழா கிழிஞ்சுதுன்னு சுவிசேஷங்கள் சொல்லுது. இனி ஏசுவே குரு, அவரை நம்பறவன் யாரா இருந்தாலும் தைரியமா கிட்டப் போகலாங்கறதுதான் அந்த நிருபத்தோட வாதம். தைரியத்துக்கு மூலத்துல இருக்கற கிரேக்கச் சொல் 'பரேசியா'. ஏதென்ஸ் நகரத்துல ஒரு குடிமகன் சபையில எழுந்து நின்னு மனசுல பட்டதைப் பேசற உரிமைக்கு இருந்த பேர் அது. அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. அதை எடுத்து சாமி முன்னாடி எல்லாருக்கும் பொதுவா வச்சதுதான் பெரிய விஷயம்.

சரி, இந்தச் சேதி நம்ம பக்கம் எப்ப வந்துச்சு?

1623. இத்தாலியில பிறந்து 1606-ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி அந்த வருஷம் வடக்கே கிளம்பி, திருச்சி வழியா சேந்தமங்கலம் வந்தார். அங்க ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையா வரவேற்றார். அங்கிருந்து சேலம். நொபிலியோட கோலம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காவி உடை, சைவச் சாப்பாடு, பூணூல். பூணூல், குடுமியெல்லாம் கிறிஸ்தவனா ஆனவங்க வச்சுக்கலாம்னு போப் பதினைந்தாம் கிரகோரி ஆணை போட்டதும் இதே 1623-லதான். அதே ஆணையில, உயர்குடின்னு பெருமைப்படறவங்க எளியவங்களை இழிவா நினைச்சு கோயில்ல தனியா ஒதுங்கி நிக்கக் கூடாதுன்னும் போப் கேட்டுக்கிட்டார்.

முதல் பாதியை எல்லாரும் கப்புன்னு பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது பாதி காத்துல போச்சு. 1640 வாக்குல மேல்சாதிக்கு ஒரு வகைக் குரு, மத்தவங்களுக்குப் பண்டாரசாமிங்கற வேற வகைக் குருன்னு ஏற்பாடே ஆயிடுச்சு. நொபிலியைத் திட்டறது சுலபம். நாலு பேர் காது கொடுத்துக் கேக்கணும்னா அன்னைக்கு அவருக்கு வேற வழி தெரியலைன்னும் சொல்லலாம். ஆனா கிழிஞ்ச திரையை நம்ம ஊர்ல மறுபடி தைச்சுட்டாங்கங்கறது மட்டும் நிஜம்.

அடுத்து வந்தது புராட்டஸ்டண்டு பக்கம். தரங்கம்பாடிக்கு 1706-ல வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714-15-ல அச்சடிச்சார். குரு சொல்லித்தான் தெரியணும்னு இல்லாம, எழுத்து தெரிஞ்சவன் தானே படிச்சுக்கலாம். லண்டன் மிஷனரி சங்கம் சேலத்துக்கு 1827-ல வந்துச்சு. 1850-ல சென்னையில கூடின மிஷனரி மாநாடு, மத்த சாதிக்காரங்களோட உக்காந்து சாப்பிட்டு சாதியை விட்டதைக் காட்டாதவங்களைச் சபையில சேர்க்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. சாமிகிட்ட போறதுக்குப் பரீட்சை சாப்பாட்டு இலையிலன்னு ஆச்சு!

பஸ் ராசிபுரத்தை நெருங்கறப்ப இடது பக்கம் தெரியறது கொல்லிமலை. கரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். ரோடே இல்லாத காலத்துல, சேந்தமங்கலத்துல இருந்து அங்க ஏறினவங்க ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும். 1913-ல கல்யாணம் முடிஞ்ச கையோட மலைக்குப் போனாங்க. இவங்க ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷன். அந்தச் சபையில பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிஞ்சு, தானே நம்பி வர்றவனுக்குத்தான். ஜெஸ்ஸி டாக்டர் இல்லை, கொஞ்ச காலம் மருத்துவப் பயிற்சி எடுத்தவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் வச்சார். வருஷக்கணக்கா ஒருத்தரும் மதம் மாறலை. மலையில ஒரு பூசாரி இவங்களைக் கடுமையா எதிர்த்தாராம். அவரே காய்ச்சல்ல சாகக் கிடந்தப்ப தன் கைக்குழந்தையை இவங்க கையிலதான் ஒப்படைச்சார்னு பிராண்டு குடும்பத்துக்காரங்க சொல்லியிருக்காங்க.

ஜெஸ்ஸி 1929-ல மலையிலேயே காய்ச்சல்ல இறந்தார். 1914-ல பிறந்த மகன் பால், பின்னாடி வேலூர்ல தொழுநோயாளிகளோட மடங்கின விரல்களை ஆபரேஷன் பண்ணி நிமித்தின டாக்டர் பால் பிராண்டு. ஈவ்லினுக்கு வயசாயிடுச்சு, ஓய்வெடுங்கன்னு மிஷன் சொன்னப்ப, அந்தம்மா தன் போக்குல மறுபடி மலை ஏறிட்டாங்க. 1974-ல, 95 வயசுல சாகற வரைக்கும் நம்ம பக்கத்து மலைங்கள்லதான் வேலை செஞ்சாங்க. அவங்க அனுமதி வாங்கினது நேரா மேலிடத்துல போல :-)

இதை மட்டும் சொல்லி முடிச்சா நியாயமில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல 1872-ல கட்டின கோயிலை 'கால்சட்டைக் கோயில்'னு சொல்லுவாங்க. பீடம் ஒண்ணு, அதுல இருந்து கால்சட்டை மாதிரி ரெண்டு பிரிவு, நடுவுல சுவர், ஒவ்வொரு பக்கமும் வேற வேற சாதி. சுவரை 1910-லதான் இடிச்சாங்க. திருச்சியில கல்லறைத் தோட்டத்துலயே சாதிச் சுவர் உண்டு. செத்த பிறகும் விடலை.

இப்ப என் கதை. பத்தாவது வரைக்கும் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன். எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அவன் தெரு ஆளுங்க ஆலமரத்தடியிலயே நின்னுக்குவாங்க. நானும் அவனும் ஒரே சைக்கிள்ல போவோம். மரம் வந்ததும் அவன் இறங்கிக்குவான், நான் உள்ள போய் கும்பிட்டுட்டு அவனுக்கும் சேத்து திருநீறு வாங்கிட்டு வருவேன். அதை ஒரு உதவின்னே நினைச்சிட்டிருந்தேன். காலேஜ் ரெண்டாவது வருஷம் அவன் சர்ச்சுக்குப் போறான்னு தெரிஞ்சதும், "எவ்ளோடா குடுத்தாங்க?"ன்னு கேட்டேன். கோவப்படுவான்னு பார்த்தேன். "உள்ள வந்து உக்காருன்னு ஒருத்தர் சொன்னாருடா. வேற ஒண்ணும் குடுக்கல"ன்னான்.

அன்னைக்கு எனக்குப் பதில் வரலை. அவனுக்கு இத்தனை வருஷம் நான் திருநீறு வாங்கிக் கொடுத்தது உதவி இல்லைங்கறது மட்டும் இந்த வரலாறெல்லாம் படிச்ச பிறகு புரியுது. அவனுக்கும் சாமிக்கும் நடுவுல நின்ன சிபாரிசு ஆள் நான்தான். அவன் சர்ச்சுலயும் சுவர் இருக்கான்னு தெரியலை. கேக்கணும். அதுக்கு முன்னாடி அந்தக் கேள்விக்கு மன்னிப்புக் கேக்கணும். நம்பர் இருக்கு, தைரியம்தான் வரணும்.

ஆயா ராசிபுரத்துல இறங்கினாங்க. இறங்கறப்ப, "ஆப்ரேசன் நல்லபடியா முடியட்டுங்க ஆயா"ன்னேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? நீயே அவன்கிட்டச் சொல்லு கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.