பேர் போடாத கட்டுரை

1948இல் காசநோய் புதுமைப்பித்தனைக் கொண்டுபோனது. வயது 42. அதே ஆண்டு, கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில், அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஸ்ட்ரெப்டோமைசினை ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு ஊசியாகப் போட்டார்கள். தோல் உரிந்தது, வாயெல்லாம் புண், முடி கொட்டியது. மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் அவரும் இறந்தார்.

சரி, அந்த மருந்து நல்லதா கெட்டதா? ஆர்வெல்லை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒருவர் பிழைத்தாலும் சரி, செத்தாலும் சரி, அது ஒரு கதைதான். காசநோய் சிலருக்குத் தானாகவே தணியும் என்பதால் இன்னும் சிக்கல். பிழைத்தவர் மருந்தால் பிழைத்தாரா, அதிர்ஷ்டத்தாலா?

இந்தக் கேள்விக்குப் பதில் 1948 அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்று மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் எண்களை வைத்து முன்பே ஒட்டிவைத்த உறை தீர்மானித்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு அது எந்த அணிக்காரரின் படம் என்று தெரியாது. 6 மாதத்தில் மருந்து அணியில் 4 பேரும் மற்ற அணியில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

மருந்து வேலை செய்கிறது என்று சொல்லும் அதே கட்டுரை, கிருமி மருந்துக்குப் பழகிப்போவதையும் சொல்கிறது. மருந்து கிடைக்காதவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது என்பதையும் அதுவே எழுதிவைத்திருக்கிறது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. நாம் இன்று கேள்வி கேட்க முடிகிறதென்றால், அவர்கள் அதை மறைக்காமல் எழுதியதால்தான்.

அந்தச் சோதனையின் கணக்கு மூளை ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். அவர் டாக்டர் இல்லை. முதல் உலகப் போரில் விமானியாகப் போய்க் காசநோயோடு திரும்பியவர். மருத்துவம் படிக்கும் கனவு அதோடு போயிற்று. தபால் வழியில் பொருளாதாரம் படித்தார். 1937இல் லான்செட்டில் டாக்டர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஒரு தொடரே எழுதினார். என்னைப் போல வேறு துறையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிற ஆளுக்கு ஹில்தான் துணை.

கட்டுரை எழுதுவது பற்றி 1965இல் அவர் சொன்னது இன்றும் செல்லும். வாசகனுக்கு நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்: ஏன் ஆரம்பித்தாய், என்ன செய்தாய், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம். முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்று இன்றைய மருத்துவ இதழ்கள் கேட்கிற நான்கு பகுதிகளும் இவைதான். இது வெறும் சம்பிரதாயம் போலத் தெரியும். ஆனால் 'என்ன செய்தாய்' என்பதையும் 'என்ன அர்த்தம்' என்பதையும் பிரித்து வைத்தால்தான், உன் அர்த்தத்தை ஏற்காதவனும் உன் எண்களை எடுத்துக்கொள்ள முடியும். மென்பொருளில் நாங்கள் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பிரிக்கிற மாதிரி.

இந்த முறை நம்ம ஊருக்கு வந்த கதை இன்னும் சுவாரசியம். 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. மதராஸ் அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்த முயற்சி. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். கேள்வி எளிமையானது, ஆனால் பெரியது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டில் வைத்தே வைத்தியம் பார்த்தால் என்ன?

193 ஏழை நோயாளிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மாத்திரைகள், ஐசோனியாசிடும் பாஸும். சானடோரியத்துக்குப் போனவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான வீடும் அன்றாட வேலையும். மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் பரிசோதித்தார்கள்.

சானடோரியக்காரர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் நோய் தணிந்ததில் வீட்டுக்காரர்கள் பெரிதாகப் பின்தங்கவில்லை. குடும்பத்தாருக்குத் தொற்றாதா என்ற பயத்துக்கும் 1960இல் தனிக் கட்டுரை பதில் சொன்னது. நோயாளி வீட்டில் இருந்ததால் ஆபத்து கூடவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தச் சென்னை எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த அந்த முதல் கட்டுரை 90 பக்கங்களுக்கு மேல். ஆசிரியர் என்ற இடத்தில் ஆள் பேர் இல்லை, மையத்தின் பேர்தான். 1948 கட்டுரையும் அப்படித்தான், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு என்றே வந்தது. இன்று மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வுக்குக் கட்டுரைக் கணக்கு கேட்கிறார்கள். யார் பேர் முதலில் என்று சண்டை நடக்கிறது. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழ்களும் அதனால்தான் பிழைக்கின்றன. அந்த ஓட்டத்தில் இருக்கிற இளம் டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை, வேலை போய்விடும் என்றால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது அந்தச் சென்னைக் கட்டுரையைத்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு அணிகளும் தொடக்கத்தில் எப்படி இருந்தன என்று பொறுமையாக அட்டவணை போட்டுக் காட்டுகிற பக்கங்களிலிருந்து ஆரம்பியுங்கள். சுருக்கத்தைக் கடைசியில் படித்தால் போதும்.