சிரமதானம் (கல்முனைக் கரையோரம்)

ஊர்ப் பொதுவேலையை ஊராரே கூலியின்றிக் கூடிச் செய்வது சிரமதானம். இலங்கையில் இதை மாணவர் கல்வியாக்கியவர் ஏ. ரி. ஆரியரத்ன. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சர்வோதய இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

அம்பாறைக் கரையோர ஊர்களான மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகியவற்றில் பள்ளிவாசல் வளவு, மையவாடி (அடக்கத்தலம்), வடிகான், கடற்கரை ஆகியன சிரமதானத்தின் களங்கள். முதல் நாள் மண்வெட்டி பிடிக்கும் பையனுக்கு உள்ளங்கை கொப்பளிக்கும். பிடியை இறுக்காமல் வீசும் விதத்தைப் பக்கத்தில் வெட்டும் காக்கா (அண்ணன்) காட்டிக்கொடுப்பார். ஆள் பிரிப்பதும் தேநீர்ச் செலவுக்குக் கணக்கு வைப்பதும் இளைஞர் பொறுப்பு. வகுப்பறையில் இந்தப் பயிற்சி கிடைக்காது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வூர்களின் கிணறுகளை உப்பாக்கியது. சிரமதானமாகக் கூடிச் சேற்றை அள்ளி, நீரை ஒட்ட இறைப்பதே வழியென்று பலரும் நம்பினர். ஆனால் இந்த மணற்கரையில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. மிகையாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். அளவோடு இறைத்து நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். மிச்ச உப்பைக் கழுவியது பெரும்பாலும் மாரி மழைதான்.