24 நாள் முதல்வர்: யார் இந்த வி.என்.ஜானகி?

பூந்தமல்லியில் இருந்து போரூர் வழியா கிண்டி பக்கம் போறவங்களுக்கு ராமாவரம் தோட்டம் தெரியாம இருக்காது. 'எம்.ஜி.ஆர் வீடு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வரும் இந்த வீட்டுக்காரர்தான். ஜெயலலிதாவா என்று கேட்டால், இல்லை. அவர் முதல்வராவதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எம்.ஜி.ஆரின் மனைவி வி.என்.ஜானகி.

சினிமாவில் இருந்து...

கேரளாவின் வைக்கத்தில் பிறந்தவர். பாபநாசம் சிவனின் அண்ணன், தம்பி வழிக் குடும்பம். 'மோகினி', 'மருதநாட்டு இளவரசி' படங்களில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி. அப்போது அவர்தான் பெரிய ஸ்டார், எம்.ஜி.ஆர் இன்னும் வளர்ந்துவரும் நடிகர்! பிறகு நடிப்பை விட்டுவிட்டார். கணவர் கட்சி தொடங்கி முதல்வரான பிறகும் மேடை ஏறி அரசியல் பேசியவர் இல்லை.

அந்த 24 நாட்கள்

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர் மறைந்தார். அடுத்து யார்? அதிமுக இரண்டாக உடைந்தது. ஆர்.எம்.வீரப்பன் தரப்பு ஜானகியை முன்னிறுத்தியது. நெடுஞ்செழியன் ஜெயலலிதா பக்கம் போனார். கட்சி எம்.எல்.ஏக்களில் அதிகம் பேர் ஜானகியோடு இருந்ததால், 1988 ஜனவரி 7-ல் அவர் முதல்வரானார். ஆனால் 234 பேர் கொண்ட சபையில் 118 பேர் வேண்டுமே, அது கையில் இல்லை. காங்கிரசும் கைகொடுக்கவில்லை.

ஜனவரி 28, நம்பிக்கை வாக்கெடுப்பு. சபைக்குள்ளேயே அடிதடி, மைக்குகள் பறந்தன, போலீஸ் உள்ளே நுழைந்து தடியடி நடத்தியது. அரசு வென்றதாக சபாநாயகர் பி.எச்.பாண்டியன் அறிவித்தார். ஆளுநர் குரானா அதை ஏற்கவில்லை. 30-ம் தேதி, 356-வது பிரிவின் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. ஜானகி அப்போது எம்.எல்.ஏகூட கிடையாது, அதற்கு முன்பும் பின்பும் ஆனதில்லை.

புறாவா, சேவலா?

1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்கு சேவல். மக்கள் தீர்ப்பு கடுமையாக இருந்தது. எம்.ஜி.ஆரின் ஆண்டிப்பட்டியிலேயே ஜானகி தோற்றார். அவர் அணிக்கு மொத்தமே இரண்டு சீட், ஜெயலலிதா அணிக்கு 27. பிளவில் லாபம் திமுகவுக்கு. 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சி அதன் கைக்குப் போனது.

ஜானகியின் அரசியலில் முக்கியமான முடிவு இதற்குப் பிறகுதான் வந்தது. கோர்ட், கேஸ் என்று இழுத்தடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, ஒதுங்கிக்கொண்டார். சில வாரங்களில் அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பியது. 1991-ல் ஜெயலலிதா முதல்வரானார். சின்னத்துக்காக இந்தக் கட்சியில் பின்னாளில் நடந்த சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ராயப்பேட்டையில் இருக்கும் அதிமுக தலைமை அலுவலகமும் அவர் கொடுத்த சொத்துதான்.

1996 மே 19-ல் காலமானார். 2024 நவம்பரில் வானகரத்தில் அதிமுக அவருக்கு நூற்றாண்டு விழா எடுத்தது. எம்.ஜி.ஆர் உயில்படி ராமாவரம் தோட்டத்தில் தொடங்கிய, காது கேளாத, வாய் பேச முடியாத குழந்தைகளுக்கான பள்ளி இன்றும் அங்கே இருக்கிறது.