கை மாற்றப்பட்ட பிள்ளை: பெற்றோரும் ஆசிரியர்களும் அறிய வேண்டியவை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரத் தோட்டமொன்றின் லயத்தில் ஒரு தாயைச் சந்தித்தேன். அவரது மகன் தரம் 2 இல் படிக்கிறான். முன்பள்ளியில் இடது கையால் பென்சில் பிடித்தவனை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வலது கையால்தான் எழுதுகிறான். ஆனால் மெதுவாக எழுதுகிறான், கை வலிக்கிறது என்கிறான். படம் கீறுவதும் பந்து எறிவதும் இன்னும் இடது கையால்தான்.

"திருப்பி இடது கைக்கே மாத்திடலாமாங்க? மாத்தினா இன்னும் கொழம்பிப் போயிருவானோன்னு பயமா இருக்கு" என்று கேட்டார் அந்தத் தாய். வடக்கிலும் கிழக்கிலும் பெற்றோர் இதையே வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்தால் இந்தப் பயம் இன்னும் கூடும். பிள்ளைக்கு விடை தெரிந்தாலும் நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டுமே.

இடது கைப் பழக்கம் எங்கிருந்து வருகிறது?

உலகில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர் இருப்பது இயல்பு. இது பிடிவாதமோ வளர்ப்புக் குறையோ அல்ல. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் பீற்றர் ஹெப்பர் என்ற உளவியலாளரும் குழுவினரும், கருவில் விரல் சூப்பிய 75 குழந்தைகளை ஸ்கேனில் பார்த்து, வளர்ந்த பின் மீண்டும் சோதித்தார்கள். கருவில் வலது பெருவிரல் சூப்பிய 60 பேரும் வலது கைக்காரராகவே இருந்தனர். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கைக்காரர். 2005 இல் இந்த முடிவு வெளியானது. அடியும் அதட்டலும் வருவதற்கு வெகு முன்பே கை விருப்பம் உருவாகத் தொடங்குகிறது என்பதே இதன் பொருள்.

மாற்றினால் என்ன நடக்கிறது?

சிறுவயதில் வலது கைக்கு மாற்றப்பட்டு, வளர்ந்த பின்னும் வலது கையால் எழுதுபவர்களின் மூளையை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2002 இல் வெளியானது. இடது கையை இயக்குவது மூளையின் வலது பாதி. இவர்கள் வலது கையால் எழுதும்போதும், அசைவைத் திட்டமிடும் சில பகுதிகள் அந்த வலது பாதியில் இயங்கிக்கொண்டிருந்தன. கை மாறினாலும் மூளை முழுவதுமாக மாறிவிடவில்லை.

பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜ் இப்படி மாற்றப்பட்டவர், திக்குவாயால் அவதிப்பட்டவர். ஆனால் கை மாற்றியதால்தான் திக்கியது என்று எவரும் நிரூபிக்கவில்லை. நாமும் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. திக்குதல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், எழுத மறுத்தல் ஆகியவை பயத்தாலும் வீட்டில் நேர்ந்த இழப்பாலும் வரலாம். போர் கண்ட குடும்பங்களில் இதை மறக்க முடியாது. கையை மட்டும் பார்க்காமல் பிள்ளையை முழுமையாகப் பார்க்க வேண்டும்.

"அவையே பழகீட்டினம்"

எங்கள் சமூகத்தில் ஒரு வாதம் உண்டு. ஷெல்லிலும் மிதிவெடியிலும் வலது கையை இழந்தவர்கள் இடது கையால் எழுதப் பழகி, பரீட்சை எழுதி, வேலைக்கும் போகிறார்கள். "அவையே பழகீட்டினம், சின்னப்பிள்ளைக்கு என்ன கஷ்டம்?" என்று வன்னியில் ஒரு பெரியவர் கேட்டார்.

அப்படிப் பழகியவர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு கையெழுத்துப் போடவும் பொத்தான் பூட்டவும் எவ்வளவு காலம் எடுத்தது என்று சொல்வார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பிள்ளைக்கோ நன்றாக இயங்கும் கை இருக்கிறது. அதை வேண்டுமென்றே ஒதுக்கச் சொல்கிறோம்.

திருப்பி மாற்றலாமா?

முதலில் ஒரு வாரம் கவனியுங்கள். பந்து, கரண்டி, சீப்பு, பல்துலக்கி ஆகியவற்றைப் பிள்ளைக்கு நேர் நடுவில் வையுங்கள். எந்தக் கை முதலில் நீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "எந்தக் கை?" என்று கேட்க வேண்டாம். கேட்டால், உங்களுக்குப் பிடித்த கையையே காட்டும்.

பிள்ளை சிறியதாக, மாற்றி அதிக காலம் ஆகாததாக இருந்தால், கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். படம் கீறல், வர்ணம் தீட்டல், மணலில் எழுதல் என்று விளையாட்டில் தொடங்கட்டும். இடது கைக்குத் திரும்பும்படி வற்புறுத்தினால் அதுவும் இன்னொரு கட்டாயமே. பல வருடங்கள் வலது கையால் எழுதிய பெரிய பிள்ளை என்றால் அவசரம் வேண்டாம். பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். முடிந்தால் அரச வைத்தியசாலையில் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். பரீட்சை நெருங்கும் வருடத்தில் கையை மாற்ற முயல வேண்டாம்.

ஒரு விடயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை அறவே பயன்படுத்தாத குழந்தையையும், திடீரென ஒரு கை பலவீனமான பிள்ளையையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எழுதும்போது

இடது கைப் பிள்ளை தமிழை எழுதும்போது, கை இப்போது எழுதிய எழுத்தையே மறைத்துக்கொண்டு நகர்கிறது. மையும் அழிபடும். அதனால் மணிக்கட்டை வளைத்துப் பிடிக்கப் பழகி, கை வலிக்கத் தொடங்கும். இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு:

- கொப்பியை உடலின் நடுவிலிருந்து சற்று இடப்புறம் வைத்து, மேல் விளிம்பு வலப்புறம் சாயும்படி திருப்பி வையுங்கள்.
- பென்சிலை நுனியிலிருந்து 2 முதல் 3 சென்ரிமீற்றர் மேலே பிடிக்கப் பழக்குங்கள். எழுதியது கண்ணுக்குத் தெரியும்.
- வெளிச்சம் வலப்புறமிருந்து வரட்டும். கையின் நிழல் எழுத்தில் விழாது.
- வாங்கின் இடது ஓரத்தில் இருத்துங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாது.

சோற்றுக்கையும் பள்ளிக்கூடமும்

நம் பேச்சில் வலது கை சோற்றுக்கை, இடது கை பீச்சாங்கை. வீட்டுப் பெரியவர்களின் கூச்சம் இந்தச் சொற்களிலேயே இருக்கிறது. இதைச் சண்டையாக்கத் தேவையில்லை. திருநீறு வாங்குவதும் சோறு உண்பதும் வலது கையால் என்று குடும்பம் விரும்பி, பிள்ளைக்கும் அது சிரமமில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். நுணுக்கமும் வேகமும் தேவைப்படும் எழுத்தை மட்டும் பிள்ளையின் கைக்கு விட்டுவிடுங்கள்.

ஆசிரியரிடம் குற்றம் சாட்டும் தொனியில் பேசினால் பலன் குறைவு. வீட்டில் கவனித்ததைச் சொல்லி, இருக்கையை மாற்றித் தரும்படியும் இடது கையால் எழுத விடும்படியும் கேளுங்கள். கையில் அடித்தால் அது வேறு விடயம். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடை செய்திருக்கிறது. அதிபரிடம் பேசியும் நிற்கவில்லை என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

பல பிள்ளைகளுக்கு முதல் மாற்றம் விஜயதசமி அன்றே நடந்துவிடுகிறது. ஏடு தொடக்கும்போது பெரியவர் ஒருவர் வலது விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார். அந்த ஒரு நாளால் கேடு எதுவும் வராது. மறுநாள் கொப்பியும் பென்சிலும் கொடுக்கும்போது, பென்சிலைக் கையில் திணிக்காமல் மேசை நடுவில் வையுங்கள். விரும்பிய கையால் பிள்ளையே எடுக்கட்டும்.